அம்மாவுக்கு கேன்சர், கேஷ்லெஸ் மறுப்பு: விதி யார் பக்கம்?

கடலூர் கார்த்தி:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. மார்பில் கட்டி என்று காட்டப் போனோம், பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், கடைசியில் ரேடியேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை) பாலிசி இருக்கிறது. 2021-ல் 5 லட்சத்துக்கு எடுத்தது, 2023-ல் 10 லட்சமாக ஏற்றினோம். ஒரு ரினியூவல்கூடத் தவறவில்லை. இப்போது ஐந்தாவது வருடம் ஓடுகிறது. முதல் கீமோவுக்கு கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டுவது) கேட்டதும் மறுத்துவிட்டார்கள். "நோயாளிக்குப் பத்து வருடங்களாகச் சர்க்கரை நோய் இருப்பது மருத்துவமனை ஆவணத்தில் தெரிகிறது, விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை" என்று மெயில். அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததே 2022-ல்தான். போதாததற்கு, பாலிசியை ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை.

சர்க்கரைக்கும் மார்புக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? இவர்கள் சொல்வது சரிதானா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


முன்னாள் டிபிஏ:

கார்த்தி, கேஷ்லெஸ் மறுப்பு வேறு, கிளைம் மறுப்பு வேறு. கேஷ்லெஸ் இல்லை என்றால் இப்போதைக்குப் பணம் நீங்கள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பில்களைச் சேர்த்து பின்னால் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். எப்படியாவது புரட்டி முதல் கீமோவை ஆரம்பித்துவிடுங்கள். மெயில் சண்டையை அது பாட்டுக்கு நடத்தலாம்.

நான் பல வருடங்கள் டிபிஏ-வில், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்காக கிளைம்களைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனத்தில், உட்கார்ந்து கிளைம் ஃபைல் பார்த்தவன். இந்தப் "பத்து வருடம்" எங்கிருந்து முளைத்தது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" என்று கேட்பார். கூட வந்த சித்தியோ மாமாவோ "அது ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்பார்கள். டாக்டர் குத்துமதிப்பாக 10 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். கேஸ் ஷீட்டில் இருக்கும் அந்த 10 அப்படியே கேஷ்லெஸ் படிவத்துக்குப் போகும், அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகும். எங்கள் மேசைக்கு வரும்போது அதற்கு "ஆவணச் சான்று" என்று பெயர் வந்திருக்கும். ஃபைலைத் திறந்ததும் நாங்கள் முதலில் தேடியதே அந்த வரியைத்தான், பொய் சொல்லவில்லை.

அதனால் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கொடுத்து கேஸ் ஷீட் நகல் வாங்குங்கள். 2022-ல் முதன்முதலாகச் சர்க்கரை என்று சொன்ன டாக்டரிடம் தேதியோடு ஒரு கடிதம், அப்போதைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இரண்டும் வேண்டும். 2021-க்கு முன் எப்போதாவது எடுத்த ரத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு சாதாரணமாக இருந்து, அது பீரோவில் எங்காவது கிடந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. சிகிச்சை தரும் டாக்டரிடமும் லெட்டர்பேடில் ஒரு விளக்கம் வாங்குங்கள்: அந்தத் தகவல் உறவினர் வாய்மொழியாகச் சொன்னது, மருத்துவ ஆதாரம் பார்த்து எழுதியது அல்ல என்று. ஆனால் கேஸ் ஷீட்டையே அடித்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். அது கண்ணில் பட்டால் நல்ல கேஸும் கெட்டுப்போகும்.


ஏஜென்ட் ஏகாம்பரம்:

எல்லோரும் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது நம் கடமை. "மறைத்த நோய்க்கும் வந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும், எல்லா இடத்திலும் எடுபடாது. சர்க்கரை இருந்தது தெரிந்திருந்தால் பிரீமியமே வேறு, நிபந்தனையே வேறு என்று நிறுவனம் சொல்லும். கார்த்தி சாருக்கு 2022-ல்தான் தெரிந்தது என்றால் அவர் மறைக்கவே இல்லை. அதை நிரூபிப்பதுதான் வேலை. சம்பந்தம் இல்லை என்ற வாதத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.


வைகைவாசி:

ஏகாம்பரம் சார், விண்ணப்பத்தைப் பாலிசிதாரர் நிரப்பினார் என்று நீங்கள் சொல்வதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" போட்டுவிட்டு, எங்கே கையெழுத்து என்று மட்டும் காட்டினார். "பிபி மாத்திரை சாப்பிடுறேன்" என்று என் அப்பா சொன்னதற்கு "அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதான் சார்" என்று பதில்.


ஏஜென்ட் ஏகாம்பரம்:

அப்படிப்பட்ட ஆட்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் என்னிடம் பாலிசி எடுப்பவர்களிடம் விண்ணப்ப நகலை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். பாலிசி கைக்கு வந்து 30 நாட்கள் வரை திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் பாலிசிக் கவரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.


முன்னாள் டிபிஏ:

நீதிமன்ற நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில், இறப்புக்குக் காரணமில்லாத பழைய முதுகெலும்புக் கோளாறைச் சொல்லவில்லை என்பதற்காகப் பணத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் மருத்துவக் காப்பீட்டு வழக்கு ஒன்றில், விண்ணப்பத்தில் சொன்ன நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது என்றது. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்தால் கிளைம் போகும் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. எனவே ஏகாம்பரம் சொன்ன வரிசைதான் சரி. முதலில் "மறைக்கவில்லை", அடுத்தது "சம்பந்தம் இல்லை".

இன்னொன்று. கிளைமை ஒரே ஒரு அதிகாரி உட்கார்ந்து நிராகரித்துவிட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலர்படி, மூன்று பேர் கொண்ட கிளைம் மறு ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்கக் கூடாது. மறுத்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "குழு எப்போது கூடியது, எந்த நிபந்தனைப்படி?" என்று மெயிலில் கேளுங்கள். இதைத் தெரிந்து கேட்பவர்களின் ஃபைல் கொஞ்சம் கவனமாகவே நகரும்.


கடலூர் கார்த்தி:

ரொம்ப நன்றி சார். கேஸ் ஷீட் நகல் வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே அட்மிஷன் பக்கத்தில் "தகவல் சொன்னவர்: உறவினர்" என்றுதான் இருக்கிறது. சர்க்கரைக்கு நேராக 10. சித்தியிடம் கேட்டால் "நான் சும்மா சொன்னேன்பா" என்கிறார். அவரை என்ன சொல்ல முடியும்.

மொரட்டோரியம் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். அது எங்களுக்குப் பொருந்துமா?


முன்னாள் டிபிஏ:

60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி இருந்துவிட்டால், அதன் பிறகு தகவல் மறைத்தீர்கள், தவறாகச் சொன்னீர்கள் என்ற காரணத்தைச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் விதிவிலக்கு. இதுதான் மொரட்டோரியம். முன்பு 8 வருடங்களாக இருந்தது, 2024-ல் 5 ஆகக் குறைத்தார்கள்.

உங்களுக்கு ஐந்தாவது வருடம் இன்னும் முடியவில்லை, அதனால் இந்த கிளைமுக்கு உதவாது. அதோடு 2023-ல் ஏற்றிய கூடுதல் 5 லட்சத்துக்குக் கணக்கு தனியாக 2023-லிருந்து தொடங்கும். முதல் 5 லட்சத்துக்கு 2026-ல் முடியும், அடுத்த 5 லட்சத்துக்கு 2028-ல். காத்திருப்புக் காலத்துக்கும் (சில நோய்களுக்கு ஆரம்பத்தில் கிளைம் கிடைக்காத காலம்) இதே கணக்குதான். தொகையை ஏற்றும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

ரத்து செய்வோம் என்ற வரிக்கு இப்போதே பதில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் பயமுறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் அதுவே பின்னால் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியும்.


தாமரை:

நான் இந்தப் பக்கம் வாசிப்பதோடு சரி, இன்று எழுதத் தோன்றியது. எனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து, அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக் குணமாகி வருடங்கள் ஆகிவிட்டன. 2024-ல் செய்தித்தாள்களில் "இனி கேன்சர் நோயாளிகளுக்கும் பாலிசி மறுக்க முடியாது" என்று பெரிய எழுத்தில் போட்டார்களே, அதை நம்பி விண்ணப்பித்தேன். எதையும் மறைக்கவில்லை, பழைய ரிப்போர்ட் எல்லாம் இணைத்தேன். ஒரு இடத்தில் போனிலேயே "கஷ்டம் மேடம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் மெடிக்கல் டெஸ்டுக்கு வரச் சொல்லிவிட்டு அப்புறம் மறுத்தார்கள். அப்படியானால் அந்தச் செய்தி பொய்யா?


முன்னாள் டிபிஏ:

பொய் என்று சொல்ல முடியாது, பாதிதான் சொன்னார்கள் அம்மா. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இரண்டு விஷயங்கள் செய்தன. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றிருந்த பழைய நிலை போனது. எல்லா வயதினருக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் பொருந்தும்படி நிறுவனங்கள் பாலிசிகளை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கடையில் சரக்கு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. உங்களுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த கொள்கைப்படி விண்ணப்பத்தை ஏற்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் மறுக்கலாம். தலைப்பு போட்டவர்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டார்கள்.

2019 செப்டம்பரில் வந்த வழிகாட்டலைப் பார்த்தால் இன்னும் புரியும். விண்ணப்பதாரர் சம்மதத்தோடு நிரந்தரமாகவே விலக்கி வைக்கலாம் என்று ஒரு நோய்ப் பட்டியல் கொடுத்தார்கள். புற்றுக்கட்டிகள் அதில் இரண்டாவது இடத்தில் இருந்தன. அதாவது பாலிசி தருவார்கள், கேன்சருக்கு மட்டும் எப்போதும் கிடையாது. அதுவும் பலருக்கு உபயோகம்தான், கேன்சர் வந்தவருக்கு மூட்டு உடையாதா, டெங்கு வராதா?

உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. புற்றுநோய் வந்து போனவர்களுக்கென்றே ஒன்றிரண்டு பாலிசிகள் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல், காத்திருப்பும் உண்டு. அடுத்தது, வீட்டில் யாருக்காவது அலுவலகக் குழு பாலிசி இருந்தால் அதில் உங்களைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பல குழு பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. மறுத்தவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.


நியூஜெர்சித் தமிழன்:

இங்கே அமெரிக்காவில் 2014 ஜனவரியிலிருந்து தனிநபர் பாலிசியில் பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்கவும் முடியாது, அதற்காகப் பிரீமியத்தைக் கூட்டவும் முடியாது. அடிப்படைச் சிகிச்சைகளுக்கு ஆயுள் வரம்பு, வருட வரம்பு என்று தொகை வைக்கவும் கூடாது. பிரான்ஸில் இன்னொரு வகை: சிகிச்சை முடிந்து 5 வருடங்கள் நோய் திரும்பவில்லை என்றால், வீட்டுக் கடன் காப்பீட்டுக்குப் போகும்போது புற்றுநோய் வந்ததைச் சொல்லவே தேவையில்லை. 2022-ல் கொண்டுவந்த சட்டம் அது. நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும். தாமரை அக்கா மாதிரி குணமாகி வருடக்கணக்கானவர்களை இன்னும் நோயாளியாகவே நடத்துவது அநியாயம்.


வைகைவாசி:

அமெரிக்கா நல்லது என்று சொல்கிறவர் அங்கே வருகிற பில்லையும் கொஞ்சம் போடலாமே சகோ.


நியூஜெர்சித் தமிழன்:

பில்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது தனிக் கதை, அழுதால் தீராது. கதவைச் சாத்த முடியாது என்பதை மட்டும் சொன்னேன்.


முன்னாள் டிபிஏ:

குணமானவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் நம் விதியிலும் இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டுபிடித்த நோய், அல்லது அந்தக் காலத்தில் டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ தேவைப்பட்ட நோய் மட்டும்தான் "முன்பே இருந்த நோய்" என்ற வரையறைக்குள் வரும். முன்பு 48 மாதங்களாக இருந்தது. அந்த நோய்க்கு நிறுவனம் போடக்கூடிய காத்திருப்பும் 48-லிருந்து 36 மாதங்களாகக் குறைந்தது. ஆனால் தொடர் மாத்திரை எடுப்பவர்கள் இதை நம்பிவிட வேண்டாம், மாத்திரையும் சிகிச்சைதான். விண்ணப்பத்தில் "எப்போதாவது புற்றுநோய் வந்ததா" என்று கேட்டிருந்தால் 15 வருடங்களுக்கு முன் வந்ததையும் எழுதத்தான் வேண்டும். வரையறை வேறு, கேட்ட கேள்விக்குப் பதில் வேறு.


ஸ்ரீரங்கம் மீனா:

கார்த்தி தம்பி, கிளைம் ஏற்றுக்கொண்ட பிறகு வரும் வெட்டுகளைப் பற்றி நான் சொல்கிறேன். என் கணவருக்குக் குடல் புற்றுநோய். ஒவ்வொரு பில்லையும் நான்தான் உட்கார்ந்து சரிபார்த்தேன்.

கீமோவுக்கு 24 மணி நேரம் படுக்க வேண்டிய அவசியம் இல்லை, டே கேர் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்வார்கள். காலையில் போய் சாயங்காலம் வந்தாலும் கிளைம் உண்டு. எங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்தது. அதைவிட உயர்ந்த அறை எடுத்தால் மொத்த பில்லிலும் அந்த விகிதத்தில் வெட்டுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். விசாரித்ததில், அந்த விகித வெட்டு மருந்துக்கு வராது. மருந்து, ஒருமுறை உபயோகப் பொருட்கள், உடம்புக்குள் வைக்கும் கருவிகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதற்கும் அதைப் போடக் கூடாது. ஐசியூ வாடகைக்கும் கூடாது. டாக்டர் ஃபீஸ், நர்ஸிங், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றுக்குத்தான் வெட்டலாம். கேன்சரில் பெரிய செலவே மருந்துதான். எங்கள் முதல் பில்லில் கீமோ மருந்து விலையிலும் வெட்டியிருந்தார்கள். மெயில் போட்டுக் கேட்டதும் அடுத்த செட்டில்மென்ட்டில் அந்தத் தொகை வந்துவிட்டது. கேட்காதவர்களுக்கு வந்திருக்குமா?

வீட்டிலேயே சாப்பிடும் கீமோ மாத்திரையும், இம்யூனோதெரபி ஊசியும் நவீன சிகிச்சைப் பட்டியலில் வருகின்றன. முழுசாக விலக்க முடியாது, ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், அதில் சப்-லிமிட் என்ற இடத்தை முதலில் பாருங்கள். டாக்டர் விலை உயர்ந்த ஊசி எழுதுவதற்கு முன்பே அந்தத் தொகை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் பயாப்ஸி, பெட் ஸ்கேன் பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், 60 நாள் என்று பாலிசியில் இருக்கும், அந்தக் கணக்கில் வரும்.


வைகைவாசி:

இடையில் ஒரு சந்தேகம். என் தங்கைக்கு "கேன்சர் என்று உறுதியானால் மொத்தத் தொகை" தரும் பாலிசி இருந்தது. ரிப்போர்ட்டில் ஆரம்ப நிலை, பால்குழாய்க்குள்ளேயே இருக்கிறது, பரவவில்லை என்று வந்தது. மார்பகத்தில் ஒரு பகுதியை எடுத்தாகிவிட்டது. ஆனால் "இது பாலிசி சொல்லும் கேன்சர் அல்ல" என்கிறார்கள். கேன்சர் இல்லை என்றால் எதற்கு வெட்டினார்கள்?


முன்னாள் டிபிஏ:

கோபம் நியாயம்தான், ஆனால் அந்த இடத்தில் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கிறது. மொத்தத் தொகை தரும் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசிகளுக்கு "குறிப்பிட்ட தீவிரம் கொண்ட புற்றுநோய்" என்று ஐஆர்டிஏஐ தரப்படுத்திய வரையறை இருக்கிறது. கட்டி பக்கத்துத் திசுக்களை ஊடுருவியிருக்க வேண்டும், பயாப்ஸியில் அது தெரிய வேண்டும். இடத்தை விட்டு நகராத ஆரம்ப நிலை அதில் வராது. சிறிய தைராய்டு புற்று, ஆரம்ப நிலை புரோஸ்டேட் புற்று, மெலனோமா தவிர்த்த தோல் புற்றுகளும் வராது. தனியாக "ஆரம்ப நிலைக்கு 25 சதவீதம்" என்ற மாதிரி சில கேன்சர் பாலிசிகளில் போட்டிருப்பார்கள், தங்கையின் பாலிசியில் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மருத்துவமனைச் செலவைத் தரும் சாதாரண பாலிசிக்கு இந்த வரையறை கிடையாது, அதில் ஆபரேஷன் செலவைத் தாராளமாகக் கேட்கலாம்.


நெல்லைச்சீமை:

எல்லோரும் தனியார் பாலிசியைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மறந்துவிட்டீர்களா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம். பழைய நோய், புது நோய் என்ற பேச்சே இல்லை, காத்திருப்பும் இல்லை. 1800 425 3993-ல் கேட்டால் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்று சொல்வார்கள். தனியார் பாலிசி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த நோயாளியை இது முதல் நாளே ஏற்றுக்கொள்கிறது. தாமரை அம்மா போன்றவர்களுக்கு வருமானம் பொருந்தினால் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

சம்பளம் 21,000 வரை இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சிகிச்சை மட்டும் இல்லை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருடங்கள் வரை தருவார்கள். அதற்கு இரண்டு வருடங்கள் தொடர் வேலையும் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். எங்கள் மில்லில் ஒருவர் இது தெரியாமல் நோய் தெரிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போனார், நல்லவேளை யூனியன்காரர் பிடித்து நிறுத்தினார்.


தாமரை:

வருமானச் சான்றுக்கு நாளைக்கே வி.ஏ.ஓ. ஆபீஸ் போகிறேன் நெல்லை தம்பி.


சோழிங்கநல்லூர் ஐடி:

ராஜினாமா என்றதும் கேட்கிறேன். எனக்கு ரத்தப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. கம்பெனி குழு பாலிசியில்தான் இருக்கிறேன். ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வேலை போனால் பாலிசியும் போய்விடுமா?


முன்னாள் டிபிஏ:

பொதுவாகக் கடைசி வேலை நாளோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குழுவில் இருந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் குழுவிலிருந்து வருபவர்களின் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எனவே வேலையை விடுவதற்கு முன், பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எச்.ஆரிடம் குழு பாலிசி எண், உங்கள் பெயர் சேர்ந்த தேதி, டிபிஏ அட்டை நகல் எல்லாவற்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். வேலை போன பிறகு அந்த மெயில் ஐடியே திறக்காது. மனைவிக்கு வேலை இருந்தால் அவர் கம்பெனி பாலிசியில் உங்களைச் சேர்ப்பதற்கான காலம் எப்போது திறக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

இதைப் படிக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி பாலிசி இருக்கிறதே என்று தனியாக எதுவும் எடுக்காமல் இருக்கிறீர்கள் அல்லவா, இந்தத் தம்பியின் நிலை அதனால்தான். நம் ஊர் விதிகள் ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவரைத்தான் நன்றாகக் காப்பாற்றுகின்றன. நோய் வந்த பிறகு வாசலில் நிற்பவருக்கு அவை அவ்வளவாக உதவுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது.


கடலூர் கார்த்தி:

புதுத் தகவல். டாக்டர் கடிதங்களும் 2020-ல் கண் ஆபரேஷனுக்கு முன் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும் அனுப்பினேன், அதில் அளவு சாதாரணமாகவே இருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முறைப்படி புகாரும் போட்டுவிட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் வருகிறது. முதல் கீமோ நல்லபடியாக முடிந்தது. இதற்கு மேல் எவ்வளவு நாள் பொறுப்பது?


முன்னாள் டிபிஏ:

2020 ரிப்போர்ட் கிடைத்தது பெரிய விஷயம். குறைதீர் அதிகாரிக்குப் புகார் போட்டதிலிருந்து ஒரு மாதம் வரைதான் பொறுக்க வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். அதற்கிடையில் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்து வையுங்கள், 155255-ல் போனிலும் பதியலாம்.

தமிழ்நாட்டுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. வக்கீலைக் கூட்டிப் போனாலும் பேச விடமாட்டார்கள். நீங்களே தேதி வாரியாக, இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். சித்தி சொன்ன 10, அதற்கு எதிரான மூன்று ஆவணங்கள், அவ்வளவு போதும். அழுது எழுத வேண்டாம். 50 லட்சம் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு, உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் அவர்கள் தர வேண்டும். நிறுவனம் இறுதியாக மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.


ஏஜென்ட் ஏகாம்பரம்:

ஒரே நேரத்தில் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போட்டுவிடாதீர்கள், குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்கமாட்டார். இங்கே சாதகமாக வராவிட்டால் பிறகு அங்கே போகலாம். மாவட்ட ஆணையத்தில், நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கும் கட்டணம் கிடையாது.


ஸ்ரீரங்கம் மீனா:

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று கோபத்தில் தோன்றும், எனக்கும் தோன்றியது. சிகிச்சை நடக்கும்போது போர்ட் செய்ய முயலாதீர்கள் தம்பி. புது நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். பழைய நிறுவனம் எவ்வளவு எரிச்சல்படுத்தினாலும், கிளைம் வாங்கினீர்கள் என்பதற்காக ரினியூவலை மறுக்க முடியாது. தொகையை ஏற்றாதவரை புதிதாக மெடிக்கல் டெஸ்டும் கேட்க முடியாது.


வைகைவாசி:

ரினியூவல் என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. அப்பா பாலிசிக்கு மாதத் தவணை. இந்த மாதம் பேங்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது, இன்றுதான் எஸ்எம்எஸ் பார்த்தேன். தேதி தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு வியாழக்கிழமை ரேடியேஷன்.


முன்னாள் டிபிஏ:

மாதத் தவணைக்கு 15 நாட்கள் சலுகைக் காலம், தவணைப் பாலிசிக்கு அந்த 15 நாளிலும் கவர் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு 30 நாட்கள் கிடைக்கும். அவர்களுக்குத் தொடர்ச்சி போகாது, ஆனால் அந்த இடைவெளியில் சிகிச்சை எடுத்தால் கிளைம் வராது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆட்டோ டெபிட் மறுபடி எடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் இன்றே கட்டி, ரசீதை டவுன்லோட் செய்து, வியாழக்கிழமை மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்கில் நகல் கொடுத்துவிடுங்கள்.


வைகைவாசி:

கட்டிவிட்டேன். ரசீது வந்தது.